நாரியில் கட்டுகிற தறி

கேள்வி:

எனக்கு வயது நாற்பத்து மூன்று. கொடிகாமத்தில், சந்தைக்குக் கிட்ட இருக்கிறேன். கிடுகு பின்னுவேன், பனையோலையில் பெட்டியும் பாயும் இழைப்பேன். என் மாமி, அதாவது கணவரின் தாயார், இளவயதில் ஒரு நெசவுசாலையில் குழித்தறியில் இருந்து சாறமும் படுக்கைவிரிப்பும் நெய்தவ. அண்மையில் நாகலாந்துப் பெண்கள் பாவின் ஒரு முனையைத் தூணிலும் மற்ற முனையைத் தங்கள் இடுப்பிலும் கட்டிக்கொண்டு நெய்வதை ஒரு காணொளியில் பார்த்தேன். குழியும் வேண்டாம், பெரிய மரச்சட்டமும் வேண்டாம் என்பது எனக்குப் பிடித்துப்போனது. மாமியோ, "உதென்ன தறியே? உது விளையாட்டு" என்கிறா. இதை நான் வீட்டிலிருந்தே பழகலாமா? என்னென்ன சாமான் வாங்கவேண்டும்? இடைக்கிடை எனக்கு நாரி நோகும். அதோடு இதைச் செய்யலாமா? இதால் கொஞ்சமாவது உழைக்க முடியுமா? பன்னிரண்டு வயது மகளும் பழக ஆசைப்படுகிறாள்.

பதில்:

பழகலாம், தங்கச்சி. காசு கொடுத்து வாங்கவேண்டியது நூல் ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்கள் வளவிலும் பக்கத்துத் தச்சுப் பட்டறையின் கழிவிலும் கிடக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டி மூலையில் வைத்தால் இடுப்புத் தறி என்பது நாலைந்து தடிகள், அவ்வளவுதான். நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூலான பாவும், அதை இழுத்துப் பிடிக்கிற உங்கள் உடம்பும் சேரும்போதுதான் அந்தத் தடிகள் தறியாகின்றன. ஆகவே தடிகளைத் தேடுவதில் நாட்களைப் போக்காமல் பாவில் கவனத்தை வையுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் பாவு பிழைத்துப்போவதுதான். நெய்கிற வேலையைக் கை தானாகவே பிடித்துக்கொள்ளும்.

மாமி சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நெசவு குழித்தறியிலும், பிறகு வந்த சட்டத்தறியிலும் வளர்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் கிண்டி எடுத்த சாயவேர்தான் துணிக்குச் சிவப்பைக் கொடுத்தது. அந்த வேருக்காகவே ஒல்லாந்தர் தனி அதிகாரம் வைத்திருந்தார்கள். அண்மைக்கால வரலாறு மாமிக்கே தெரியும். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது கைத்தறிக்கு நல்ல காலம். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட, வெளிநாட்டு மலிவுத் துணி வந்து இறங்கியது. நெசவுசாலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சியதைப் போர் கலைத்தது. இந்தக் கதை எதிலும் இடுப்புத் தறி இல்லை. அது எங்கள் ஊர் மரபு என்று நாங்கள் சொல்லக்கூடாது, விற்கும்போதும் சொல்லக்கூடாது.

ஆனால் விளையாட்டு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாகலாந்து, மணிப்பூர், மிசோரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களில் பெண்கள் இன்றும் இதில் போர்வையும் உடுபுடவையும் நெய்கிறார்கள். நாகலாந்தின் சாக்கேசாங் போர்வைக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டானில் விழாக்களுக்கு உடுக்கிற கிசுதாரா என்னும் பட்டுடை, ஏறத்தாழப் பூவேலையே துணியாகிவிட்ட அளவுக்கு நுணுக்கமானது. அதுவும் இடுப்பில் கட்டிய தறியிலிருந்துதான் வருகிறது. சரவாக்கின் இபான் பெண்கள் நெய்யும் புவா கும்பு என்னும் துணி, குவாத்தமாலாவின் மாயப் பெண்கள் நெய்யும் மேற்சட்டைத் துணி என்று உலகத்தின் இரு பாதியிலும் இந்தத் தறி வாழ்கிறது. இலங்கைக்குள்ளேயே அதற்கு ஓர் உறவு தேடினால் கண்டிக்குப் பக்கத்து ஹேனவலைக்குப் போகவேண்டும். அங்கே தும்பறைப் பாய் நெய்கிறவர்கள் பாவைத் தரையோடு தரையாக விரித்து, ஹண நாரில் பறவையும் யானையும் கொடியுமாக நெய்கிறார்கள். அது இடுப்பில் கட்டுகிற தறி அல்ல. ஆனால் சில தடிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அங்கே பார்க்கலாம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் நெசவுக்கும் பாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்.

இனித் தடிகள். பழைய தும்புத்தடியின் காம்பு ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்தால், தூண் பக்கத்துத் தடி ஒன்று, உங்கள் மடிப் பக்கத்துத் தடி ஒன்று. இரண்டின் முனைகளிலும் கயிறு வழுக்காமல் நிற்க ஒரு வெட்டுக் கொடுங்கள். பாவின் வாயை, அதாவது மேலிழைக்கும் கீழிழைக்கும் இடையிலான திறப்பை, திறந்து வைத்திருக்கிற தடி இவற்றைவிடத் தடிப்பாகவும் பாரமில்லாமலும் இருக்கவேண்டும். மூங்கில் துண்டு நல்லது, தண்ணீர்க் குழாய்த் துண்டும் போதும். இழைகளைத் தூக்குகிற நூல் வளையங்களான விழுதைத் தாங்குகிற தடிக்குச் சுண்டுவிரல் தடிப்பில் நேரான பூவரசங் கம்பைப் பட்டை உரித்துக் காயவைத்து எடுங்கள். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சுற்ற ஒரு சாண் நீளத்தில் தட்டைக் குச்சி ஒன்று.

எஞ்சியிருப்பது வாள். பாவின் வாய்க்குள் செருகி, நிமிர்த்தி, ஊடையை அடித்து இறுக்குகிற தட்டைப் பலகையைத்தான் வாள் என்கிறேன். இதற்கு மட்டும் நல்ல மரம் வேண்டும். பாரம் இருந்தால்தான் அடி விழும். தென்கிழக்கு ஆசியாவில் பல இடங்களில் பனை இன மரங்களின் கறுத்த வைரத்திலேயே இதைச் செய்கிறார்கள். எங்களிடம் அதற்கு என்ன குறை? பழைய கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகைத் துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து, இரண்டு விரல் அகலத்தில், ஒரு விளிம்பு மெலிந்திருக்கச் சீவி எடுங்கள். பனைக்கு ஒரு குணம்: சிலாம்பு கிளம்பும். ஒரு சிலாம்பு போதும், பத்து இழையை அறுத்துவிடும். மண்கடதாசியால் தேய்த்துத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, துணியால் துடைத்து, பழைய நைலோன் சீலைத் துண்டொன்றை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். எங்கும் கொளுவாமல் வந்தால் வாள் தயார்.

நூல் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். இறுக்கமாக முறுக்கிய பருத்தி நூல், மொத்தமானது, இரண்டு நிறத்தில். தையல்கடைகளில் கிடைக்கும் குரோஷே நூல் முதற்பாவுக்கு மிகவும் ஏற்றது. கைத்தறி நூல் கிடைத்தால் 2/20 என்று கேளுங்கள். இருபதாம் இலக்க நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது. இலக்கம் ஏற ஏற நூல் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 2/20 நூல் ஒரு கிலோவில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் ஓடும், ஆகவே பழகுவதற்குச் சிறு கண்டே போதும். அதை இரட்டையாகச் சேர்த்து ஓட்டுங்கள். வாங்க முன் ஒரு முழ நூலை இழுத்துப் பிடித்து நகத்தால் பலமுறை உரசிப் பாருங்கள். பஞ்சு எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். விழுது கட்டும் நூல் பாவு நூலோடு ஒட்டாமல் வழுக்கவேண்டும்; அதற்கு வலை கட்டுகிற மெல்லிய நைலோன் நூலை மிஞ்ச ஒன்றுமில்லை.

இப்போது பாவுக்கு வருவோம். இங்கேதான் மாமியை முற்றத்துக்குக் கூப்பிடவேண்டும். தறி வேறாக இருந்தாலும் பாவு பாவுதான். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் பிணைப்பது, கஞ்சி எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்பது, ஒரு இழை தொய்ந்ததை விரல் பட்டவுடன் அறிவது, இவையெல்லாம் அவரிடம் இருக்கின்றன. காணொளியில் எனக்குத் தெரிந்து இவற்றை ஒருவரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

முற்றத்தில் ஒன்றரை மீற்றர் இடைவெளியில் இரண்டு முளைகளை ஆழமாக அடியுங்கள். நூலை முதல் முளையில் கட்டி, நடுவில் குறுக்கே கடந்து, மற்ற முளையின் மறுபக்கத்தால் சுற்றி, திரும்பவும் நடுவில் குறுக்கே கடந்து வாருங்கள். மேலிருந்து பார்த்தால் 8 என்று எழுதியதுபோலத் தெரியும். நடுவில் நூல்கள் வெட்டிக்கொள்கிற அந்தக் குறுக்குதான் எந்த இழைக்குப் பிறகு எந்த இழை என்ற வரிசையைக் காக்கிறது. அது குலைந்தால் பாவு முழுவதும் வீண். நூறு இழை வரும்வரை ஓட்டுங்கள். நூலின் தடிப்பைப் பொறுத்துக் கூடிக் குறைந்தாலும், மூன்று விரல் அகலப் பட்டி ஒன்று கிடைக்கும். முதன்முதலில் சால்வை நெய்ய நினைக்கவேண்டாம். அகலம் கூடக்கூட வாய் திறப்பது கடினமாகும். நாகப் பெண்களே ஒடுங்கிய துண்டுகளாக நெய்து, மூன்றைச் சேர்த்துத் தைத்துத்தான் போர்வை ஆக்குகிறார்கள்.

ஓட்டும்போது கவனிக்கவேண்டியவை இவை. ஒரே ஆள், ஒரே இருப்பில் ஓட்டி முடிக்கவேண்டும்; இடையில் எழும்பித் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கையின் இழுப்பு மாறிவிடும். முளை உள்பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடாது. சாய்ந்தால் பிறகு ஓட்டும் இழைகள் கட்டையாகி, முதலில் ஓட்டியவை தொய்ந்து தொங்கும். இதைப் பின்னர் எந்த வித்தையாலும் திருத்த முடியாது. முளைக்கு வெளிப்பக்கமாக ஓர் இழுகயிறு கட்டிவிடுங்கள். நூலை ஒட்ட நேர்ந்தால் முடிச்சு முளையடியில் வரட்டும், நடுவில் வேண்டாம். ஓட்டி முடிந்ததும், முளையிலிருந்து கழற்ற முன், குறுக்கின் இரண்டு பக்கத்து வாய்களிலும் வேறு நிற நூலைச் செருகிக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு பாவு கீழே விழுந்தாலும் பயமில்லை.

முளை இருந்த இடங்களில் இரண்டு தடிகளையும் செருகி, ஒன்றை விறாந்தைத் தூணில் கட்டுங்கள். கயிறு தும்புக் கயிறாகவோ பருத்திக் கயிறாகவோ இருக்கட்டும். நைலோன் கயிறு நீண்டு நீண்டு கொடுக்கும், இழுப்பு நிலைக்காது. குறுக்குக்கு அப்பால், தூண் பக்கத்து வாயில் தடித்த மூங்கிலைச் செருகுங்கள். குறுக்குக்கு இப்பால், உங்கள் பக்கத்து வாயில், மேலே நிற்கிற இழைகள் ஒவ்வொன்றுக்கும் நைலோன் நூலால் ஒரு வளையம் போட்டு, அந்த வளையங்களை எல்லாம் பூவரசங் கம்பில் தாங்கவையுங்கள். அதுதான் விழுது. வளையங்கள் எல்லாம் ஒரே உயரம் இருக்கவேண்டும். கம்போடு ஒரு மட்டையை வைத்துக்கொண்டு, அதன் உயரத்துக்கே ஒவ்வொரு வளையத்தையும் போட்டால் பிசகாது. இது ஒரு பின்னேரத்தைத் தின்னும். தின்னட்டும்.

இனி இருந்து நெய்யலாம். வாய் திறப்பது இரண்டு வகை. மூங்கிலை முன்னுக்கு இழுத்து விழுதைக் கீழே அமர்த்தினால் ஒரு வாய் தானாகத் திறக்கும். மற்ற வாய் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கு மூங்கிலைப் பின்னுக்குத் தள்ளி, நீங்கள் முன்னுக்குச் சாய்ந்து பாவைச் சற்றுத் தளர்த்தி, விழுதுக் கம்பை மேலே தூக்கவேண்டும். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். வாளின் நுனியால் வருடிப் பிரித்துவிடுங்கள். திறந்ததும் வாளைச் செருகி, பின்னுக்குச் சாய்ந்து பாவை இறுக்கி, வாளை நிமிர்த்தி, ஊடையை விட்டு, வாளைப் படுக்கவைத்து அடியுங்கள். தூக்கும்போது தளர்வு, அடிக்கும்போது இறுக்கம். குழித்தறியில் மிதியும் மரமும் செய்கிற வேலை இங்கே உங்கள் சாய்விலும் நிமிர்விலும் நடக்கிறது. இந்தத் தாளம் உடம்பில் ஏறச் சில நாள் எடுக்கும். அதுவரை நெய்த துணியின் அழகைப் பார்த்து மனம் சோராதீர்கள்.

கிடுகு பின்னுகிற கை உங்களுக்கு உதவியும் செய்யும், உபத்திரவமும் செய்யும். எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று கண் உடனே பிடிக்கும். தவறவிட்ட இழையை அந்த வரியிலேயே கண்டு திருத்திவிடுவீர்கள். ஆனால் ஓலையில் ஒவ்வொரு இலக்கையும் கை இறுக்கி இழுத்துப் பழகியிருக்கிறது. ஊடையை அப்படி இழுத்தால் மூன்று விரல் பட்டி ஒரு சாண் போவதற்குள் இரண்டு விரலாக ஒடுங்கிவிடும். ஊடையைச் சற்று வளைவாக, தளர விட்டு அடியுங்கள். தொடங்கிய இடத்து அகலத்துக்கு ஓர் ஈர்க்கை முறித்து மடியில் வைத்துக்கொண்டு, அடிக்கடி துணியில் வைத்துப் பாருங்கள். இடுப்புத் தறித் துணியில் பாவு நூல் நெருங்கி நின்று ஊடையை மறைத்துவிடும். ஆகவே நிறமும் கோடும் எல்லாம் பாவிலேதான். நீங்கள் இரண்டு நிறத்தை ஓட்டிய வரிசைதான் துணியில் தெரியும்.

சோளகம் வீசுகிற மாதங்களில் வெளியில் இருந்து நெய்யாதீர்கள். காய்ந்த காற்றில் பருத்தி நூல் முறியும். காலையில், வெயில் ஏற முன், உள்ளே இருந்து நெய்யுங்கள். குழித்தறியில் தரையின் ஈரத்தன்மை பாவுக்குத் துணை செய்வதை மாமி அனுபவத்தில் அறிந்திருப்பா. 2/20 நூலாக இருந்தால், பாவோட்ட முன் கண்டை மெல்லிய சோற்றுக் கஞ்சியில் நனைத்துப் பிழிந்து, இழுத்துக் கட்டிக் காயவையுங்கள்.

நாரி நோவைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டியை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலரும் அதை இடையின் மடிப்பில், நாரியின் பள்ளத்தில் போட்டுவிட்டு இரண்டு நாளில் படுத்துவிடுகிறார்கள். பட்டி அதற்குக் கீழே, இடுப்பெலும்பில் தாங்கவேண்டும். ஒரு சாண் அகலமாவது இருக்கவேண்டும். அரிசிச் சாக்கை நாலாக மடித்துத் தைத்து, உள்ளே பழைய சீலையை வைத்தால் போதும். காலை நீட்டி இருக்க முடியாவிட்டால் பலகைக்கட்டையில் இருந்து, பாதங்களைச் சுவரிலோ ஒரு கல்லிலோ உதைத்துக்கொள்ளுங்கள். பாவின் தூண்முனை உங்கள் மடியைவிடச் சற்று உயர இருக்கட்டும். முதுகைக் கூனிப் பின்னுக்கு இழுக்காதீர்கள். இடுப்பிலிருந்து நேராகச் சாயுங்கள். அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை பட்டியைக் கழற்றி எழும்பி நடவுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது: கழற்றவும் மாட்டவும் ஒரு நிமிடம்தான். நோ காலுக்கு இறங்குகிறதென்றால், விறைப்போ மதமதப்போ இருக்கிறதென்றால், மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

உழைப்பைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். இது மெதுவான தறி. மீற்றர்க் கணக்கில் துணி நெய்து விற்க நினைத்தால் குழித்தறியோடே போட்டிபோட முடியாது, ஆலைத் துணியோடு பேச்சே இல்லை. ஆனால் ஒடுங்கிய, இறுக்கமான, உறுதியான பட்டி நெய்வதற்கு இதைப்போல ஒன்றில்லை. உங்களிடம் ஏற்கெனவே பனையோலை வேலை இருக்கிறது. ஓலைப் பையில் முதலில் நைந்து அறுவது பிடிதான். அந்த இடத்தில் மூன்று விரல் அகலப் பருத்தித் தோள்பட்டி ஒன்றை வைத்துத் தைத்தால் பை நிலைக்கும், விலையும் ஏறும். பையும் பட்டியும் ஒரே கையால் வந்தவை என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை ஓலைக் கைப்பணிக்குப் பயிற்சியும் விற்பனை வழியும் செய்துவந்திருக்கிறது. அதன் பனை ஆராய்ச்சி நிலையம் உங்கள் தென்மராட்சியிலேயே, கைதடியில் இருக்கிறது. பத்துப் பை சேர்ந்ததும் அங்கே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். விலை வைக்கும்போது நூற் செலவை மட்டும் பார்க்காமல், பாவோட்டிய நேரத்தையும் விழுது கட்டிய நேரத்தையும் எழுதிவையுங்கள். பெண்கள் வீட்டில் செய்கிற வேலையில் கணக்கில் வராமல் போவது எப்போதும் இந்த நேரம்தான். அது எனக்கு மனவருத்தம் தருகிற விடயம்.

காணொளியில் பார்த்த நாகப் பூவேலைகளை அப்படியே எடுத்து விற்காதீர்கள். அங்கே போர்வையின் கோடும் பூவும் குலத்தையும் தகுதியையும் சொல்பவை. சாக்கேசாங் போர்வைகளில் சிலவற்றை ஊருக்கே விருந்து வைத்தவர்கள்தான் முன்பு போர்த்தலாம். உங்கள் பெட்டி விளிம்பில் நீங்கள் சாயம் போட்ட ஓலை கொண்டு இழைக்கிற கட்டங்களும் சாய்கோடுகளும் இருக்கின்றனவே. பாவோட்டும்போது போகும் சுற்றுக்கு ஒரு நிறமும் வரும் சுற்றுக்கு மற்ற நிறமும் விட்டால் துணியில் குறுக்குக் கோடுகள் விழும்; சில இழைகளில் வரிசையை மாற்றினால் கட்டங்கள் வரும். அங்கிருந்து தொடங்கலாம்.

மகள் தாராளமாகப் பழகலாம். மெக்சிக்கோவில் 1540களில் வரைந்த மெண்டோசா ஏடு என்றொரு படநூல் இருக்கிறது. அஸ்தெக் வீடுகளில் பிள்ளைகளை எந்த வயதில் எதற்குப் பழக்கினார்கள் என்று அதில் ஆண்டுக்கு ஒரு படம். நாலு வயது மகளுக்குத் தாய் நூற்கும் கருவிகளைக் காட்டுகிறாள். மகள் இடுப்புத் தறியில் இருக்கிற படம் பதினாலாவது வயதில்தான் வருகிறது. இடைப்பட்ட பத்து வருடமும் நூலோடும் வீட்டு வேலையோடும் போயிற்று. உங்கள் மகளை அவ்வளவு காக்கவைக்க வேண்டாம், ஆனால் ஒழுங்கு அதுவே நல்லது. முதலில் உங்கள் பாவுக்கு அவள் நூற்கண்டைப் பிடிக்கட்டும், பிறகு அப்பம்மாவோடு இருந்து விழுது கட்டட்டும், அதற்குப் பிறகு முப்பது நாற்பது இழையில் தனக்கென்று ஒரு நாடா நெய்யட்டும். அவள் உயரத்துக்குத் தூணில் கட்டுகிற கயிற்றைக் கூட்டிக் குறைத்தால் சரி. தூண் இல்லாத இடத்திலும் அவளுக்கு வழி இருக்கிறது: சீனாவின் ஹைனான் தீவில் லி இனப் பெண்கள் தூணே இல்லாமல், அப்பக்கத்துத் தடியைத் தங்கள் பாதங்களால் உதைத்துக்கொண்டு நெய்கிறார்கள். அவர்களின் நெசவை யுனெஸ்கோ 2009இல் அவசரமாகக் காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றரை மீற்றர்ப் பாவில் கடைசி ஒரு முழத்துக்குக் கிட்ட நெய்ய வராது. வாய் திறக்க இடமிருக்காது. மீதி ஏறத்தாழ ஒரு மீற்றர் பட்டியாகும். வெட்டி எடுத்து முனை நூல்களை முடிந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவையுங்கள். பருத்தி சுருங்கும். கழுவ முன்னும் காய்ந்த பின்னும் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, பாவில் எத்தனை இழை இருந்தது என்பதோடு சேர்த்து ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். பைக்கு எத்தனை இழையில், என்ன நீளத்தில் பாவோட்டுவது என்று அடுத்த முறை அதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.